மாலைக்குள் பச்சை

ஆகஸ்ட் 4

கழுத்துப்பட்டைகள் இன்று வந்தன. அறுபத்திரண்டு மாடுகள், அறுபத்திரண்டு பட்டைகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. மாடு எத்தனை நிமிடம் அசைபோட்டது, எத்தனை நிமிடம் படுத்தது, எவ்வளவு நடந்தது என்று எல்லாவற்றையும் அது என் மேசையிலுள்ள திரைக்கு அனுப்பிவிடும். நலம் என்றால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். சிவப்பு என்றால் ஆள் ஓட வேண்டும்.

நான் பத்தொன்பது வருடம் ஒரு போல்ட் தொழிற்சாலையில் தர மேலாளராக இருந்தவன். அங்கிருந்து நானாகத்தான் விலகினேன். தாராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பால் பண்ணைக்குச் செயல்முறை மேலாளராக வந்து ஐந்து வாரம் ஆகிறது. போல்ட்டுக்கும் மாட்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை என்பது என் கருத்து. ஒருபக்கம் மூலப்பொருள் போகிறது, மறுபக்கம் உற்பத்தி வருகிறது. நடுவில் நடப்பதை அளந்துவிட்டால் போதும்.

முதலாளி சென்னியப்பனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. வாரம் ஒருமுறைதான் இங்கே வருவார். “ரகு சார், இனி நம்ம பண்ணை என்னோட செல்போனுக்குள்ள இருக்கோணும்ங்க” என்றார். என் முழுப்பெயர் ரகோத்தமன். சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பட்டைகளை மாட்டியது பாவாத்தாள். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கொட்டகைகளுக்கும் அவர்தான் தலைமைப் பணியாள். ஐம்பது வயதிருக்கும். எட்டாவது வரை படித்தவர். மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தை விடச்சொல்லி அவருக்கு ஒரு சிறு உரை தயாரித்து வைத்திருந்தேன். “பேருங்களா? அறுவத்திரெண்டு பேருக்கு நான் எங்கீங்க போறது? எப்பவும் நெம்பருதானுங்க” என்று சொல்லிவிட்டார். உரை வீணாயிற்று.

ஆகஸ்ட் 7

காலை ஐந்தரைக்கு 14-ஆம் மாடு சினைப்பருவத்தில் இருப்பதாகப் பட்டை சொன்னது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பாவாத்தாள் தன் செல்போனில் அதைப் பார்த்து, சினை ஊசி போடுபவரை வரவழைத்து, வேலையை முடித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இது கத்தாதுங்க சார். ஊமைப் பருவம். ரெண்டு மாசமா எனக்கே டிமிக்கி குடுத்துட்டு இருந்துச்சு. பட்டை புடிச்சுப்போட்டுது பாருங்க!”

மகிழ்ச்சிதான். ஆனால் படிவத்தில் பதினோரு கட்டங்கள் இருக்கின்றன. அவர் நிரப்பியது இரண்டு. எழுத்து மூலம் அறிவுறுத்தினேன்.

ஆகஸ்ட் 8

மனைவி வைதேகி சென்னையிலிருந்து போன் செய்தாள். மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள். எல்லாம் பச்சை என்றேன். “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 12

மூன்று நாள் கடிகாரத்தோடு கொட்டகையில் நின்று நேர ஆய்வு செய்தேன். அதிர்ச்சியாக இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை தீவனம் வைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி நேரம் காய்ந்த சோளத் தண்டை, இங்கே தட்டு என்கிறார்கள், நறுக்குவதிலும் சுமப்பதிலும் போகிறது. மூன்று மணி பத்து நிமிடம்! தட்டில் சத்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மக்காச்சோள மாவில் இருக்கிறது.

ஆகவே நாளை முதல் இரண்டே முறை தீவனம். தட்டு கால்பங்கு. மாவு இருமடங்கு.

பாவாத்தாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். “மாவ ஒரே அடியா ஏத்தக்கூடாதுங்க சார். பத்து நாளு, பதினஞ்சு நாளுன்னு கொஞ்சங்கொஞ்சமா ஏத்தோணும். இல்லாட்டி வயிறு புளிச்சுப்போயிருமுங்க.”

“ஆதாரம் இருக்கா?” என்று கேட்டேன்.

“மாடு இருக்குதுங்க” என்றார்.

இதை எப்படிப் பதிவு செய்வது?

இன்னொரு சீர்திருத்தம்: இனி மருத்துவரை நினைத்தபோதெல்லாம் கூப்பிட முடியாது. திரையில் சிவப்பு வந்தால் கோரிக்கை திறக்கும். நான் ஒப்புதல் தந்தால் மருத்துவர் வருவார். தேவையில்லாத வருகைகள் பாதியாகக் குறையும்.

ஆகஸ்ட் 16

பால் ஒன்பது சதவீதம் கூடியிருக்கிறது. நான்கே நாளில்! இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். 22-ஆம் மாடு அதன் ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

சென்னியப்பன் போனிலேயே துள்ளினார். மாவட்டத்து நவீனப் பண்ணையாளர் மன்றம் இந்த வருடம் ‘முன்மாதிரிப் பண்ணை’ விருது தருகிறதாம். தேர்வுக் குழு 29-ஆம் தேதி இங்கே வருகிறது. “உங்க திரைய நல்லாப் பெருசா வாங்கி வாசல்லயே மாட்டிப்போடுங்க” என்றார்.

ஆகஸ்ட் 20

பால் சேகரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு. பாலில் கொழுப்பு 4.1-இலிருந்து 3.2-க்கு இறங்கிவிட்டதாம். அவர்கள் கருவியைச் சரிபார்க்கச் சொன்னேன்.

திரையில் ஐந்து மாடுகள் சிவப்பு. ஒரு நாளில் முந்நூறு நிமிடத்துக்குக் கீழே அசைபோட்டால் சிவப்பு வரும். பட்டைகள் தளர்ந்திருக்கும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒரு துளை இறுக்கச் சொன்னேன்.

சாயங்காலம் பாவாத்தாள் வந்தார். “இறுக்கியாச்சுங்க. இப்பவும் அசைபோடலீங்க.”

ஆகஸ்ட் 22

காலையில் பதினேழு சிவப்பு.

பாவாத்தாள் தன் செல்போனை என் மேசைமேல் வைத்தார். “பாருங்க சார். எட்டு, பதினொண்ணு, முப்பத்தொண்ணு... எல்லாம் மாவு ஏத்துன மூணாம் நாள்லேர்ந்து கோடு கீழ இறங்குது. சாணி சாம்பலாட்டம் நொரையா இருக்குதுங்க. பட்டை கரெக்டாத்தானுங்க சொல்லுது.”

“பட்டை என்ன சொல்லுதுன்னு முடிவு பண்றதுக்குத்தான் நான் இருக்கேன், பாவாத்தாம்மா. விஷயம் ஆய்வில் இருக்கு.”

“எத்தன நாளைக்குங்க?”

“ஏழு வேலை நாள்.”

அவர் தன் செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு முதலாளி. “ஏனுங்க ரகு சார், போனத் தொறந்தா தக்காளிக் கடையாட்டம் செவசெவன்னு கெடக்குது? ஒரு வாரத்துல ஆளுக வர்றாங்க. எனக்குச் செவப்பு ஆகாதுங்க.”

“மாலைக்குள் பச்சையாகிவிடும்” என்றேன்.

மென்பொருளில் இருக்கும் வரம்புகள் ஏதோ குளிர்நாட்டு மாடுகளை வைத்து அமைக்கப்பட்டவை. நமது தட்பவெப்பத்துக்கு ஏற்ப அவற்றை மறுசீரமைப்பது அவசியம் என்று வெகு நாளாகவே நினைத்திருந்தேன். இன்று மாலை நேரம் கிடைத்தது.

ஆகஸ்ட் 23

எல்லாம் பச்சை. முதலாளி கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார்.

ஆகஸ்ட் 24

இப்படி ஒரு ஒழுங்கீனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கிழக்குக் கொட்டகையில் பாவாத்தாள் மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. அதில் சமையல் சோடா கரைத்த தண்ணீர்! மூன்று நாளாக இது நடக்கிறதாம். மாவையும் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

“யார் அனுமதி கொடுத்தது?”

“கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்கன்னுதானுங்க கேக்கல.”

இந்த நேர்மை எனக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே நின்று எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன். அனுமதியின்றித் தீவனம் மாற்றினாலோ, ஒப்புதலின்றி மருத்துவரை அழைத்தாலோ பணிநீக்கம். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“மேக்குக் கொட்டகைக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிக்கலாம்னு இருந்தேனுங்க” என்றார்.

“ஆரம்பிக்கக் கூடாது” என்றேன்.

ஆரம்பிக்கவில்லை. கடிதம் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 26

மதியம் இரண்டு மணிக்குப் பாவாத்தாள் ஓடி வந்தார். மேற்குக் கொட்டகையில் 31-ஆம் மாடு படுத்துவிட்டது. எட்டு மாதச் சினை. “பல்லக் கடிக்குதுங்க. எடப்பக்கம் வயிறு தண்ணி மூட்டையாட்டம் குலுங்குது. டாக்டரம்மாவக் கூப்புடுங்க சார்.”

திரையைப் பார்த்தேன். 31 பச்சை.

இங்கே ஒரு நுணுக்கமான சிக்கல். சிவப்பு வந்தால்தான் கோரிக்கை திறக்கும். கோரிக்கை இருந்தால்தான் நான் ஒப்புதல் தர முடியும். பச்சை மாட்டுக்குக் கோரிக்கை திறக்க மென்பொருள் விடாது. இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னேன். படம் வரைந்தும் காட்டினேன். மொத்த விளக்கமும் முக்கால் மணி நேரம்தான்.

அதற்குப் பிறகு அவர் என் முன்னாலேயே தன் செல்போனை எடுத்து மருத்துவரை அழைத்துவிட்டார். அப்பட்டமான விதிமீறல். தேதியும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன்: 2.50.

டாக்டர் எஸ்தர் மூலனூர் பக்கம் ஒரு முகாமில் இருந்தார். நாலரைக்கு வந்தார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். நரம்பில் மருந்து ஏற்றினார். மற்ற மாடுகளின் இடப்பக்க வயிற்றில் ஒவ்வொன்றாகக் காதுக்குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். மேற்கில் நான்கு மாடுகளுக்கு ஊசி. கிழக்கில் ஒன்றுக்கும் தேவைப்படவில்லை.

“கிழக்கில என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார்.

நான் மணியைக் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27

31-ஆம் மாடு காலை எட்டு மணிக்கு இறந்தது. கன்றும் உள்ளேயே.

வயிறு புளித்துப்போனதுதான் என்று மருத்துவர் சொன்னார். திடீரென்று மாவு அதிகமானால், தட்டு குறைந்தால் வரும். “முதல் அறிகுறி அசைபோடறது குறையறதுதான். உங்க பட்டை காட்டலையா?” என்று என்னைக் கேட்டார்.

“காட்டலை” என்றேன்.

பாவாத்தாள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கழுவினார்.

இன்று மதியம் பசி இல்லை. வெயில் காரணம்.

ஆகஸ்ட் 28

மூலக்காரண அறிக்கை எழுதி முடித்தேன். பன்னிரண்டு பக்கம், இரண்டு வரைபடம். முடிவு: கொட்டகைப் பணியாளரின் அங்கீகாரமற்ற தீவன மாற்றத்தால் ஏற்பட்ட சீரின்மை, மனிதப் பிழை.

பாவாத்தாளைக் கையெழுத்திடச் சொன்னேன். அவர் பன்னிரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். அரை மணி நேரம் ஆனது.

“இதுல மனிதப் பிழைன்னு போட்டிருக்குதே, அந்த மனுசன் நானுங்களா, நீங்களா?”

“பொதுவா எழுதினது.”

“அப்படின்னா மொதல்ல நீங்க போடுங்க.”

போடவில்லை; அறிக்கை எழுதியவர் அதில் சாட்சியாக இருப்பது முறையல்ல. முதலாளியிடம் சொன்னேன். அவர் பாவாத்தாளை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். பாவாத்தாள் செல்போனிலிருந்த செயலியை என் எதிரிலேயே நீக்கிவிட்டுப் போனார். மற்ற நான்கு பணியாளர்களும் இன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. வேலை அமைதியாக நடந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக் குழுவின் வருகை செப்டம்பர் 12-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இறந்த மாடு இருக்கும் பண்ணைக்கு மருத்துவச் சான்று வேண்டுமாம்.

போல்ட் தொழிற்சாலையிலும் இப்படித்தான். அங்கே குறையுள்ள போல்ட் வந்தால் எரியும் ஒரு விளக்கு. அதை நான் அணைக்கவில்லை. அது வேண்டாத நேரத்திலெல்லாம் எரிந்தது, அவ்வளவுதான். அந்த லாரிச் சக்கரம் கழன்றதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 1

டாக்டர் எஸ்தர் சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் பட்டை நிறுவனத்துக்கு நேரே கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் இன்று எல்லோருக்கும் நகல் வைத்துப் பதில் அனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 22, மாலை 5.40-க்கு அசைபோடும் வரம்பு முந்நூறு நிமிடத்திலிருந்து நூற்றிருபதாகக் குறைக்கப்பட்டதாம். பயனர் பெயர்: ரகோத்தமன்.

என் கடவுச்சொல் வேறு யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

பிற்பகல்: கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 2

சென்னியப்பன் காரில் வந்து இறங்கினார். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

“நீங்கதான் சிவப்பு ஆகாதுன்னு சொன்னீங்க” என்றேன்.

“ஆமாங்க, சொன்னேன். செவப்பு வேண்டாம்னுதானுங்க சொன்னேன். அதுக்கு மாட்டக் கொல்லச் சொன்னனா?”

பிறகு குரலைத் தணித்தார். விருது முடியும்வரை இது வெளியே போகக் கூடாது. எனக்குப் பதிலாக இப்போது வேறு ஆள் தேடவும் நேரமில்லை. ஆனால் மருத்துவர் ஒரே நிபந்தனையில் நிற்கிறார்: கிழக்குக் கொட்டகையைக் காப்பாற்றியவர் திரும்ப வராமல் மந்தைக்குச் சான்று கிடையாது.

“அம்மிணிய நான் போய்க் கூப்புட்டா நல்லா இருக்காதுங்க. அனுப்புனது நானு. நீங்க போங்க.”

என்னைத்தான் அனுப்ப வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். வீடு எங்கே என்று கேட்டேன்.

செப்டம்பர் 3

வாய்க்கால் மேட்டில் பாவாத்தாளின் வீடு. அவர் வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஊர்ப் பண்ணையிலும் இதே பட்டை வாங்கியிருக்கிறார்களாம். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். “அங்கத்த மென்பொருளு நம்முளுத விட நல்லா இருக்குதுங்க சார். கோடெல்லாம் கலர் கலரா வருது” என்று செல்போனைக் காட்டினார். டீ கொடுத்தார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவே இல்லை.

வருத்தம் தெரிவிக்கும் நடைமுறையைத் தொடங்கினேன். “சில தகவல் பரிமாற்ற இடைவெளிகளின் காரணமாக...”

“சார்” என்றார். “அந்த மாட்டுக்கு நான் மூணு ஈத்துப் பாத்திருக்கேனுங்க. கையில எச்சரிக்கைக் கடுதாசிய வெச்சுட்டு, அது படுக்கறவரைக்கும் நின்னு பாத்துட்டு இருந்தேன். என்ற வேலை போயிருமேன்னு பயந்துட்டேன். மேக்குக் கொட்டகைக்கும் தட்டு போட்டிருக்கோணும். அது என்ற தப்பு. நான் சொல்லிப்போட்டேன். நீங்களும் உங்களுதச் சொல்லுங்க.”

டீயை ஒரே மடக்கில் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

“அந்தப் பன்னெண்டு பக்கத்தக் கிழிச்சுப்போட்டு, என்ன நடந்துச்சோ அத எழுதுங்க” என்றார். மொபெட் இருக்கைமேல் காகிதத்தை வைத்து எழுதினேன். எழுதியதை அப்படியே இங்கே படியெடுக்கிறேன்:

‘31-ஆம் மாடு இறந்ததற்குக் காரணம், தீவனத்தை நான் ஒரே நாளில் மாற்றியது. ஒரு வாரம் முன்பே பட்டை சரியாகச் சொன்னது. அது சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வரம்பைக் குறைத்தேன். மருத்துவர் கேட்டபோது பொய் சொன்னேன். பாவாத்தாள் தட்டு போட்ட கொட்டகையில் ஒரு மாடும் சாகவில்லை. ரகோத்தமன்.’

ஐந்து நிமிட வேலை. கையெழுத்து கோணலாக விழுந்தது. மொபெட் இருக்கை சரிவாக இருந்தது.

அவர் விரல் வைத்துப் படித்தார். “கொட்டகையில ஒட்டிப்போடுங்க” என்றார். இன்னொரு நிபந்தனையும் சொன்னார்: வரம்பை மாற்றும் உரிமை இனி அவருக்கும் மருத்துவருக்கும் மட்டும்.

செப்டம்பர் 5

பாவாத்தாள் வந்துவிட்டார். தீவனம் மறுபடியும் நான்கு முறை. தட்டு நறுக்கும் இயந்திரத்தின் சத்தம் அலுவலகம்வரை கேட்கிறது. காகிதத்தை மாடுகளுக்கு எட்டாத உயரத்தில் ஒட்டினேன். மனிதர்களுக்கு நன்றாக எட்டுகிறது. பால்வண்டி ஓட்டுநர்கூட நின்று படித்துவிட்டுப் போனார்.

வரம்பு மீண்டும் முந்நூறு. ஒன்பது சிவப்பு, பதினான்கு மஞ்சள். முதலாளிக்கு நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

செப்டம்பர் 12

தேர்வுக் குழு வந்தது. மூன்று பேர். வாசலில் பெரிய திரை. பெரும்பாலும் பச்சை, இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு. காகிதத்தின்மேல் சென்னியப்பன் ஒரு நாள்காட்டியைத் தொங்கவிட்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். இந்த வாக்கியத்தை எழுதாமல் விட்டிருக்கலாம்.

கொட்டகையில் நின்று நாற்பது நிமிடம் விளக்கினேன். குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பாவாத்தாள் பக்கம் திரும்பினார். “சிவப்பு வந்தா முதல்ல என்னம்மா செய்வீங்க?”

“மொதல்ல சாருக்குத் தெரியாம மாட்டப் பாத்துக்குவோமுங்க. அப்புறமா சாருக்குச் சொல்லுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் அதிகமாகவே சிரித்தார்.

“வேடிக்கையாப் பேசறாங்க” என்றேன்.

“நெசமாத்தானுங்க” என்றார் பாவாத்தாள். நாள்காட்டியை நகர்த்திக் காகிதத்தைக் காட்டினார். “இதப் படிச்சுப் பாருங்க. சாரே அவரு கையில எழுதுனது.”

குழுத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இருமுறை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தார். “இது உங்க எழுத்தா?”

சென்னியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

“என் எழுத்துதான்” என்றேன்.

செப்டம்பர் 14

விருது வேறு பண்ணைக்கு. நமக்குப் பங்கேற்புச் சான்றிதழ். முதலாளி அதைப் பெரிய சட்டமாகப் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார்; தூரத்திலிருந்து பார்த்தால் விருது மாதிரியே இருக்கும். என்னை மாத இறுதிவரை இருக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பார்க்கலாமாம். வேலை போகலாம் என்பதை வைதேகியிடம் இந்த முறை காரணத்தோடு சொன்னேன். தொழிற்சாலை விஷயத்தையும் சேர்த்து. “தெரியும்” என்றாள்.

செப்டம்பர் 19

மதியம் 44-ஆம் மாடு சிவப்பு. பாவாத்தாள் சாப்பிடப் போயிருந்தார். திரையை விட்டு எழுந்து ஓடினேன். சாணியில் ஒருமுறை வழுக்கியது.

மாடு நின்றுகொண்டுதான் இருந்தது. மருத்துவர் செய்ததை நினைவில் வைத்து, அதன் இடப்பக்க வயிற்றில் காதை வைத்தேன். சூடாக இருந்தது. உள்ளே தூரத்தில் ஏதோ உருண்டு அடங்கியது. அது நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? மாடு திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

டாக்டர் எஸ்தரை அழைத்தேன். கோரிக்கை இல்லை, ஒப்புதல் இல்லை.

“என்ன கேக்குது?” என்றார்.

“தெரியலை டாக்டர்” என்றேன்.

“சரி, காதை எடுக்காதீங்க. ஒரு நிமிஷத்துல அந்த உருளுற சத்தம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிச் சொல்லுங்க. நான் கிளம்பிட்டேன்.”

கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.